சத்தத்துல இருந்து கரண்ட் எடுக்க முடியுமா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். ரெண்டு தடவை சொன்னதை வெட்டிட்டு, கணக்கை எல்லாம் படிக்க வசதியா வரிசைப்படுத்தியிருக்கேன்.)



இந்த வாரக் கேள்வி ஒரு காலேஜ் நேயர்கிட்ட இருந்து வந்திருக்கு. இன்ஜினியரிங் மூணாவது வருஷம். அடுத்த வருஷ ப்ராஜெக்டுக்கு இப்பவே டீம் சேர்த்து, ஐடியாவும் வெச்சிருக்காங்க. டிராஃபிக் சிக்னல்ல நாம கேக்கற ஹாரன், இன்ஜின் சத்தம் எல்லாத்தையும் கரண்டா மாத்தி, அந்த சிக்னல் லைட்டையே எரிய வைக்கணும். வாய்ஸ் நோட் கடைசியில தம்பி ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணா, இது ரோட்டுல வேலை செய்யுமா, இல்ல பிபிடி-யில மட்டும் வேலை செய்யுமா?"

கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஏன்னா இந்த ஐடியா எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். டி.நகர்ல மாட்டிக்கிட்டு நிக்கும்போது, "இவ்வளவு சத்தம் வீணாப் போகுதே"னு தோணாதவங்க யாரு? சத்தமும் ஒரு எனர்ஜிதான்னு ஸ்கூல்ல படிச்சிருக்கோம். எனர்ஜியை ஒரு வடிவத்துல இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாத்தலாம்னும் படிச்சிருக்கோம். அப்போ மாத்த வேண்டியதுதானே?

வாங்க, பார்க்கலாம்.

முதல் பதில்: முடியும், 1877-லயே செஞ்சாச்சு

சத்தத்துல இருந்து கரண்ட் வருமா? வரும். இதுல சந்தேகமே இல்ல. நீங்க இப்ப என் குரலைக் கேக்கறதே அதனாலதான். மைக் செய்யற வேலையே அது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1877-ல விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டெலிபோன்கள்ல பேட்டரியே கிடையாது. ஒரு காந்தம், சுத்தி ஒரு காயில், முன்னாடி ஒரு மெல்லிய இரும்புத் தகடு. நீங்க பேசினா தகடு அதிரும், காயில்ல கரண்ட் உண்டாகும், அது கம்பி வழியா அந்தப் பக்கம் போய் இன்னொரு தகட்டை அதிர வைக்கும். முழுக்க முழுக்க உங்க குரலோட சக்தியில ஓடற டெலிபோன். இந்த டிசைன் இன்னும் சாகல. கரண்ட் போனாலும் பேச முடியணும்னு, கப்பல்கள்ல இன்னிக்கும் இந்த மாதிரி குரலால ஓடற டெலிபோன் வெச்சிருக்காங்க.

ஆனா வீட்டு டெலிபோன்ல இந்த முறை ரொம்ப நாள் நிக்கல. தூரம் அதிகமாக ஆக, குரல் மங்கிப் போச்சு. அதே 1877-ல தாமஸ் எடிசன் கார்பன் மைக்கைக் கண்டுபிடிச்சார். அதுல கரண்ட் பேட்டரியில இருந்து வரும். குரல் அந்தக் கரண்டைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். தண்ணிக் குழாயைத் திருகற கை மாதிரி. தண்ணியைக் கை உண்டாக்கல; எவ்வளவு வரணும்னு சொல்லுது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

ஆக, "முடியுமா?"ங்கறது சரியான கேள்வி இல்ல. "எவ்வளவு?"னு கேக்கணும்.

டெசிபலை வாட்டா மாத்துவோம்

சத்தத்தை நாம டெசிபல்ல அளக்கறோம். இந்த அளவுகோல்ல ஒரு விஷமம் இருக்கு. 10 டெசிபல் ஏறினா, எனர்ஜி 10 மடங்கு ஆகும். 20 ஏறினா 100 மடங்கு. 30 ஏறினா 1,000 மடங்கு. ஆனா நம்ம காதுக்கு 10 டெசிபல் ஏறினா, ஏதோ ரெண்டு மடங்கு சத்தம் மாதிரிதான் தோணும்.

0 டெசிபல்ங்கறது ஆரோக்கியமான காதுக்குக் கேக்கற ஆகக் குறைஞ்ச சத்தம். அந்த சத்தத்துல ஒரு சதுர மீட்டருக்கு வர்ற சக்தி, ஒரு வாட்டை லட்சம் கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. அங்கிருந்து மேல ஏறுவோம்:

60 டெசிபல், எதிர்ல உக்காந்து பேசற சத்தம்: ஒரு சதுர மீட்டருக்கு 1 மைக்ரோவாட். வாட்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு.

80 டெசிபல், நெரிசலான ரோடு: 0.1 மில்லிவாட்.

90 டெசிபல், காது வலிக்க ஆரம்பிக்குதோன்னு தோணற ரோடு: 1 மில்லிவாட்.

120 டெசிபல், நிஜமாவே காது வலிக்கற சத்தம்: 1 வாட்.

இதுக்குப் பக்கத்துல வெயிலை வெச்சுப் பாருங்க. உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1,000 வாட் வருது. 20 சதவீதத்தைப் பிடிக்கற சோலார் பேனல் போட்டா 200 வாட் கிடைக்கும்.

அப்போ 90 டெசிபல் ரோட்டுல ஒரு சதுர மீட்டர் கருவியை வெச்சு, வர்ற சத்தத்துல 100 சதவீதத்தையும் பிடிச்சா 1 மில்லிவாட் கிடைக்கும். அதே 1 மில்லிவாட்டை வெயில்ல எடுக்க எவ்வளவு பெரிய பேனல் வேணும்? 5 சதுர மில்லிமீட்டர். ரெண்டு கடுகைப் பக்கத்துல பக்கத்துல வெச்ச அளவு.

இப்ப தம்பியோட சிக்னலுக்கு வருவோம். எல்.இ.டி சிக்னல் விளக்கு ஒண்ணு 10 வாட்னு வெச்சுக்கலாம். 80 டெசிபல் சத்தத்துல, ஒரு துளிகூட வீணாகாத கருவி செஞ்சாலும், அந்த ஒரு விளக்குக்கு 1,00,000 சதுர மீட்டர் வேணும். கிட்டத்தட்ட 25 ஏக்கர். சிக்னலுக்குப் பக்கத்துல 25 ஏக்கர் காலி இடம் இருந்தா, அங்க டிராஃபிக்கே இருக்காது.

போன் சார்ஜ்? 5,000 எம்ஏஎச் பேட்டரியில சுமார் 19 வாட்-அவர் இருக்கும். ஒரு போன் சைஸ்ல நூறு சதவீதக் கருவி ஒண்ணு செஞ்சு, 80 டெசிபல் ரோட்டுல ராத்திரி பகலா நிறுத்தி வெச்சா, முழு சார்ஜ் ஏற 1,800 வருஷம் ஆகும். ராஜராஜ சோழன் காலத்துல சார்ஜ் போட்டிருந்தா, இன்னிக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல ஏறியிருக்கும்.

சென்னை முழுக்கப் பேசினா?

இன்னொரு பக்கத்துல இருந்தும் பார்க்கலாம். சத்தம் வந்து சேர்ற இடத்தை விட்டுட்டு, சத்தம் கிளம்பற இடத்துல எவ்வளவு இருக்கு?

ஒருத்தர் சாதாரணமாப் பேசும்போது வாயில இருந்து வெளியே போற ஒலியோட சக்தி மொத்தமா ஒரு 10 மைக்ரோவாட். ஒரு கோடிப் பேர் இருக்கற ஊர்ல குழந்தை முதல் தாத்தா வரைக்கும் எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா? 100 வாட். ஒரு பழைய சீலிங் ஃபேன், கூட ஒரு குண்டு பல்பைவிடச் சின்னதா ஒரு விளக்கு. ஒரு கோடிப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபேன்.

சரி, பேச வேண்டாம், கத்தலாம். சேப்பாக்கம் ஸ்டேடியத்துல சுமார் 38,000 பேர் உக்காரலாம். கடைசி ஓவர், தோனி இறங்கறார். எல்லாரும் தொண்டை கிழியக் கத்தறாங்க. ஆளுக்கு 10 மில்லிவாட்னு தாராளமாவே கணக்குப் போடுவோம். மொத்தம் 380 வாட். அந்த மொத்தக் கத்தலையும் ஒரு வயர்ல பிடிச்சுக் கொடுத்தாலும், வீட்டுல இருக்கற 750 வாட் மிக்ஸியில சட்னி அரைக்க முடியாது.

வண்டிங்க? 50 கிலோமீட்டர் வேகத்துல போற ஒரு கார் வெளியே விடற சத்தம் முழுசையும் சேர்த்தா 10 மில்லிவாட் அளவுதான் வரும். அந்த நேரத்துல அதோட இன்ஜின் பல கிலோவாட் குடுத்துட்டு இருக்கும். பெட்ரோல்ல வர்ற எனர்ஜியில பெரும்பகுதி சூடாப் போகுது, மிச்சம் சக்கரத்துக்குப் போகுது. சத்தமாப் போறது கசிவுல ஒரு கசிவு.

அப்புறம் ஏன் இவ்வளவு பெருசாத் தோணுது?

கணக்கைக் கேட்டாலும் மனசு ஒத்துக்காது. எனக்கும்தான். பக்கத்துல ஒரு பஸ் ஏர் ஹாரன் அடிச்சா உடம்பே தூக்கிப் போடுது. அதுல சக்தி இல்லையா?

இங்கதான் காதோட திறமை நம்மளை ஏமாத்துது. கேக்கக்கூடிய மிகச் சின்ன சத்தத்துல நம்ம செவிப்பறை அசையற தூரம், ஒரு ஹைட்ரஜன் அணுவோட விட்டத்தைவிடக் குறைவு. அவ்வளவு நுணுக்கமான கருவி அது. காட்டுல ஒரு சருகு நசுங்கற சத்தம் கேட்டவன் பொழைச்சான். அதனால காது எவ்வளவு எனர்ஜி வருதுன்னு கவலைப்படாது, என்ன சேதி வருதுன்னுதான் பார்க்கும். அந்தக் காதை வெச்சுக்கிட்டு நாம ரோட்டை அளந்தா, ஒரு சொட்டுத் தண்ணி சமுத்திரமாத் தெரியுது.

நம்ப முடியலன்னா ஒரு டெஸ்ட் இருக்கு. தியேட்டர் சுவர்ல எதிரொலி வராம இருக்க, சத்தத்தை உறிஞ்சற மெத்தை மாதிரியான பேனல் ஒட்டியிருப்பாங்க. அது உறிஞ்சின சத்தம் எங்க போகுது? சூடா மாறுது. வேற வழியே இல்ல, எனர்ஜி அழியாது. மூணு மணி நேரம் அனிருத் பிஜிஎம்மைக் குடிச்ச அந்தச் சுவரை, இன்டர்வல்ல ஒரு தடவை தொட்டுப் பாருங்க. சூடு தெரியுதா? தெரியாது. அங்க இருந்த எனர்ஜி அவ்வளவுதான். தெரியற அளவுக்கு இருந்திருந்தா, ஏசி கம்பெனிக்காரங்க அதுக்குன்னு தனியாக் கணக்குப் போட்டிருப்பாங்க.

அந்த "5 வோல்ட்" செய்தி

இப்ப நிறையப் பேர் கேப்பீங்க: "ப்ரோ, போனை சத்தத்துலயே சார்ஜ் பண்ணலாம்னு நியூஸ் வந்துச்சே?"

வந்தது. பொய்ச் செய்தியும் இல்ல. தென் கொரியாவோட சுங்கியுன்குவான் பல்கலைக்கழகத்துல, துத்தநாக ஆக்சைடை முடியைவிட மெல்லிசான கம்பிகளா வளர்த்து, 100 டெசிபல் சத்தத்துல 50 மில்லிவோல்ட் எடுத்தாங்க. 2011 வாக்குல அது உலகம் முழுக்க செய்தியாச்சு. 2014-ல லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகமும் நோக்கியாவும் சேர்ந்து, அதே துத்தநாக ஆக்சைடை வெச்சு ஒரு போன் சைஸ் கருவி செஞ்சாங்க. சுத்தி இருக்கற சத்தத்துல 5 வோல்ட் வந்தது. யுஎஸ்பி சார்ஜர்லயும் 5 வோல்ட்தானே? தலைப்பு தானா எழுதிக்கிச்சு.

இந்த மாதிரிப் பொருளுக்கு பீசோ எலெக்ட்ரிக்னு பேர். அழுத்தினா, வளைச்சா, மின்னழுத்தம் வரும். 1880-ல பியர் கியூரியும் அவரோட அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடிச்சது. உங்க வீட்டு அடுப்படியில ஒண்ணு இருக்கு: கேஸ் லைட்டர். 'டிக்'னு அழுத்தினா பொறி வருதே, பேட்டரி எங்க இருக்கு? உள்ள ஒரு பீசோ கல் இருக்கு, சுத்தியல் மாதிரி ஒண்ணு அதை அடிக்குது. அந்த ஒரு அடியில ஆயிரக்கணக்கான வோல்ட் வருது.

ஆயிரக்கணக்கான வோல்ட்! ஆனா கேஸ் லைட்டர்ல யாராவது ஃபேன் ஓட்டியிருக்காங்களா?

வோல்ட்ங்கறது மாடியில தண்ணித் தொட்டி எவ்வளவு உயரத்துல இருக்குங்கற மாதிரி. ஆம்பியர்ங்கறது குழாய்ல எவ்வளவு தண்ணி வருதுங்கற மாதிரி. ரெண்டையும் பெருக்கினாத்தான் வாட். பத்தாவது மாடியில தொட்டி இருந்தாலும், அதுல ஒரு டம்ளர் தண்ணிதான் இருக்குன்னா குளிக்க முடியாது. பீசோல தொட்டி உயரம், தண்ணி கொஞ்சம். அதனால இனிமே எந்த எனர்ஜிச் செய்தி படிச்சாலும், "இத்தனை வோல்ட்"னு மட்டும் போட்டு வாட் போடலைன்னா, கொஞ்சம் நின்னு யோசிங்க. அந்த ஆராய்ச்சியாளர்கள் செஞ்சது நல்ல வேலை. தலைப்பு வெச்சவங்கதான் வோல்ட்டோட நின்னுட்டாங்க.

பிடிக்கறதும் லேசுப்பட்ட வேலை இல்ல

இதுவரைக்கும் நூறு சதவீதம் பிடிக்கற கருவியை வெச்சுப் பேசினோம். நிஜத்துல மூணு தடை இருக்கு.

முதல் தடை, காத்தும் கல்லும். காத்துல வர்ற ஒலி, கெட்டியான பீசோ செராமிக் மேல நேரா மோதினா, பத்தாயிரத்துல ஒரு பங்குகூட உள்ள போகாது. மிச்சம் எல்லாம் திரும்பிடும். நீச்சல் குளத்துல முங்கினா வெளியே பேசறது கேக்காம போகுதே, அதே காரணம். நம்ம காதுலயே உள்ள திரவம்தான் இருக்கு. அந்தத் தடையைத் தாண்டத்தான் நடுக்காதுல மூணு குட்டி எலும்பு இருக்கு. கருவியில இதுக்காக மெல்லிய சவ்வு போடணும்.

ரெண்டாவது தடை, அலைவரிசை. சவ்வு நல்லா அதிரணும்னா அதோட இயல்பான அதிர்வும் வர்ற சத்தமும் ஒத்துப் போகணும். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளினாத்தான் மேல போகும். காலி பாட்டில் வாயில ஊதினா ஒரே ஒரு சுதியில 'பூ'ன்னு சத்தம் வருமே, அந்த மாதிரி ஒரு அறையைக் கருவிக்கு முன்னாடி வைப்பாங்க. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர்னு பேர். ஆனா ஒரே சுதிக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். ரோட்டுல ஆட்டோ ஒரு சுதி, புல்லட் ஒரு சுதி, பஸ் ஒரு சுதி, ஒவ்வொண்ணும் கியர் மாத்த மாத்த வேற சுதி.

மூணாவது, டையோடு. சத்தத்துல வர்றது ஏசி. பேட்டரியில ஏத்த டிசி ஆக்கணும். சாதாரண சிலிக்கான் டையோடு வழிவிட 0.6 வோல்ட் கேக்கும். 50 மில்லிவோல்ட் வந்து கதவைத் தட்டினா, திறக்கவே திறக்காது.

இது எல்லாத்தையும் ஒரே கருவியில பார்க்கணும்னா, ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல செஞ்சு 2006-ல வெளியான ஒண்ணு இருக்கு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறை, பீசோ சவ்வு எல்லாம் சேர்த்து ஒரு சிப் அளவுல செஞ்சாங்க. ஜெட் இன்ஜின் உள்ள வெக்கலாம்ங்கற யோசனை. 149 டெசிபல்ல சோதிச்சாங்க. அந்த அளவு சத்தத்துல வர்ற எனர்ஜி, கிட்டத்தட்ட உச்சி வெயிலுக்குச் சமம். கிடைச்சது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.34 மைக்ரோவாட். முதல் முயற்சி, இன்னும் நிறைய முன்னேத்தலாம்னு அவங்களே சொல்றாங்க. ஆனா 149 டெசிபல் பக்கத்துல மனுஷன் நிக்க முடியாது.

நானும் சும்மா இருக்கல. ரிச்சி ஸ்ட்ரீட்ல பீசோ டிஸ்க் வாங்கிட்டு வந்து, ரெண்டு கால்லயும் ஒரு சின்ன எல்.இ.டி சால்டர் பண்ணேன். விரலால தட்டினா பளிச்னு ஒரு மின்னல். ப்ளூடூத் ஸ்பீக்கர் உடம்புலயே அழுத்திப் பிடிச்சா, பேஸ் வரும்போது மங்கலா மினுக்கும். ஒரு அடி தள்ளி வெச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டற வரைக்கும் வால்யூம் ஏத்தினேன். ஒண்ணும் இல்ல. யூடியூப்ல "சத்தத்துல எரியற பல்பு"ன்னு வர்ற வீடியோவைப் பார்த்தா, டிஸ்க் ஸ்பீக்கர்மேல ஒட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. அந்த ஸ்பீக்கருக்குக் கரண்ட் சுவர் ப்ளக்ல இருந்து போகுதான்னும் பாருங்க.

அப்போ எங்கதான் வேலை செய்யும்?

ரெண்டு இடத்துல.

ஒண்ணு, காத்தை விட்டுட்டு நேரா அதிர்வுக்குப் போறது. என் பீசோ டிஸ்க் காட்டினதும் அதுதான்: காத்துல வர்ற சத்தத்துக்கு அசையாது, தொட்டு அதிர்ந்தா அசையும். ரயில் சக்கரம் பக்கத்துல இருக்கற அதிர்வு, அதோட சத்தத்தைவிட எவ்வளவோ பலம். இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல இருந்து கிளம்பின பெர்பெட்டூம்ங்கற கம்பெனி, அந்த அதிர்வுல ஓடற சென்சாரை ரயில்கள்ல பொருத்தினாங்க. உள்ள ஒரு காந்தம், ஒரு காயில். சக்கர பேரிங் கெட்டுப் போகப் போகுதான்னு சென்சார் கண்டுபிடிச்சு ரேடியோவுல சொல்லும். பேட்டரி மாத்தற வேலை இல்ல. 2021-ல ஹிட்டாச்சி ரயில் அந்தக் கம்பெனியை வாங்கிட்டாங்க. இங்க யாரும் ரயிலோட அதிர்வுல ஊருக்கு வெளிச்சம் தர்றேன்னு கிளம்பல. சில மில்லிவாட் போதும்ங்கற வேலையைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க.

ரெண்டாவது, சத்தத்தைச் சேதியாப் பயன்படுத்தறது. எடிசனோட குழாய் ஞாபகம் இருக்கா? பாஸ்டன்ல வெஸ்பர்னு ஒரு கம்பெனி, பீசோ மைக் ஒண்ணு செஞ்சது. கருவி முழுக்கத் தூங்கிட்டே இருக்கும். மைக் மட்டும் சில மைக்ரோஆம்ப்ல காது குடுத்துட்டு இருக்கும். சத்தம் வந்தா, "எழுந்திரு"ன்னு மத்த சிப்பை எல்லாம் எழுப்பும். சேமிச்சது பேட்டரி. சத்தத்துல இருந்து சம்பாதிச்சதைவிட, சத்தம் இல்லாத நேரத்துல செலவழிக்காம விட்டதுதான் லாபம்.

ப்ராஜெக்ட் டீமுக்கு

தம்பி, இப்ப உங்களுக்கு. ப்ராஜெக்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு வார்த்தையை மட்டும் மாத்துங்க. சத்தத்துல "ஓடற" சிக்னல் வேண்டாம், சத்தத்தைக் "கேக்கற" சிக்னல் செய்யுங்க.

இதுக்கு முன்மாதிரி இருக்கு. 2020 ஜனவரி கடைசியில மும்பை டிராஃபிக் போலீஸ் ஒரு வீடியோ வெளியிட்டாங்க. சில சிக்னல்கள்ல டெசிபல் மீட்டர் மாட்டினாங்க. சிவப்பு விளக்குல நிக்கும்போது ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினா, கவுன்ட் டவுன் மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஹாரன் அடிச்சா இன்னும் நில்லு. விஷயம் புரிஞ்சதும் பின்னாடி நிக்கறவங்களே ஹாரன் அடிக்கறவங்களைத் திட்ட ஆரம்பிக்கற மாதிரி அந்த வீடியோவுல வரும். அந்த மீட்டருக்குப் போன சத்தத்தோட எனர்ஜியை வெச்சு ஒரு கொசுவைக்கூட நகர்த்த முடியாது. ஆனா அது ஒரு ரோட்டையே நிறுத்தி வெச்சது.

உங்க டீமுக்குச் செய்ய இதுல நிறைய இருக்கு. ஹாரனையும் ஆம்புலன்ஸ் சைரனையும் பிரிச்சு அறியணும். யாரோ ஒருத்தர் அடிச்சதுக்கு எல்லாருக்கும் தண்டனை சரியான்னு யோசிக்கணும். கருவிக்கு ஒரு சின்ன சோலார் பேனல் போதும். கைடு கண்டிப்பா பீசோ வேணும்னு சொன்னா, ஒரு டிஸ்க் வெச்சு எத்தனை மைக்ரோவாட் வருதுன்னு அளந்து, அந்த நம்பரை அப்படியே ரிப்போர்ட்ல போடுங்க. சின்ன நம்பரா இருந்தாலும் அளந்த நம்பர்.

எனக்கு இதுல இருக்கற ஒரே பயம்

இந்த ஐடியா வேலை செய்யாதுங்கறது எனக்குப் பெரிய பிரச்சினை இல்ல. வேலை செய்யும்னு எல்லாரும் நம்பிட்டா என்ன ஆகும்ங்கறதுதான் பிரச்சினை. "சத்தம் ஒரு வளம்"னு பேச ஆரம்பிச்சா, அதைக் குறைக்கணும்ங்கற பேச்சு பின்னாடி போயிடும். ஃப்ளைஓவர் ஓரத்துல "சத்தத்துல மின்சாரம்"னு ஒரு போர்டும் நாலு எல்.இ.டி-யும் வெச்சு ரிப்பன் வெட்டறது சுலபம். அந்த ஃப்ளைஓவருக்குப் பக்கத்து மாடியில ராத்திரி தூக்கம் வராம புரள்றவங்களுக்கு அதுல என்ன கிடைக்கும்?

இந்தியாவுல 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ரோடு 80-ல இருந்தா, 55-க்கு மேல 25 டெசிபல். டெசிபல் கணக்கு ஞாபகம் இருக்குல்ல? 25 டெசிபல்னா எனர்ஜியில 300 மடங்குக்கு மேல. ரோட்டுச் சத்தம் சராசரியா 53 டெசிபலுக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018-ல ஐரோப்பாவுக்குச் சொன்னது. தூக்கம் கெடறது, இதய நோய், இதெல்லாம் அவங்க சொன்ன காரணங்கள்.

ஒரு கற்பனை பண்ணுவோம். நாளைக்கே ஒருத்தர் நூறு சதவீதம் பிடிக்கற கருவியைக் கண்டுபிடிச்சு, 100 சதுர மீட்டர் சுவரா ரோட்டோரம் கட்டிட்டார். 80 டெசிபல் சத்தம் முழுசும் உள்ள போயிடுது. கிடைக்கற கரண்ட் 10 மில்லிவாட், ஒரு இண்டிகேட்டர் லைட் எரியும். ஆனா சுவர்ல மோதற சத்தம் எதுவும் அந்தப் பக்கம் போகாது. அந்தப் பக்கத்து வீட்டுல ஒரு குழந்தை தூங்கும். ஒரு பொண்ணு பரீட்சைக்குப் படிக்கும். அந்தச் சுவரை நீங்க எதுக்காகக் காசு குடுத்து வாங்குவீங்க, 10 மில்லிவாட்டுக்கா?

அந்த நிம்மதிக்கு நானோ கம்பி எதுவும் தேவையில்ல. கெட்டியான சுவர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சரியாப் பராமரிக்கற சைலென்சர், நேரத்துக்கு ஆயில் மாத்தின வண்டி, இது எல்லாத்துக்கும் மேல ஹாரன் மேல இருக்கற கட்டை விரலைக் கொஞ்சம் எடுக்கறது. கடைசியாச் சொன்னதுக்குச் செலவே கிடையாது.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். போன்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, உங்க படுக்கை பக்கத்துல ராத்திரி 11 மணிக்கு ஒரு நிமிஷம் வைங்க. போன் ஆப் துல்லியமா இருக்காது, தோராயமாத் தெரிஞ்சாப் போதும். 45-க்கு மேலயா கீழயான்னு ஏரியா பேரோட வாய்ஸ் நோட் அனுப்புங்க. நிறைய வந்தா, அடுத்த மாசம் ஒரு எபிசோடே பண்ணிடலாம்.

அதுவரைக்கும், ஹெட்போன் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க மக்களே. அடுத்த வாரம் பார்க்கலாம்.